பெட்டகத்துக்கு வெளியே முளைப்பவை

வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நார்வேத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த விதைப் பெட்டகத்தைப் பார்த்தீங்களா?" பார்த்தேன். மலைச்சரிவிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கான்கிரீட் முகப்பு, அதில் பூட்டிய கதவு. உள்ளே விடமாட்டார்கள். டாக்சியில் வந்து இறங்குகிறார்கள், கதவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், குளிருகிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானும் அதைத்தான் செய்தேன். எனக்கு உறுத்தியது வேறு. இந்தப் பெட்டகத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் ஒரு செய்தி உண்டு, உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு புல் பூண்டுகூட முளைக்காத பனிப்பாலைவனத்தில் உலகத்து விதைகளையெல்லாம் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று போகும். கிளம்புவதற்கு முன் சித்தப்பாவும் போனில் அதையே சொன்னார்: "புல்லு பூண்டு முளைக்காத ஊருக்கு எதுக்குடா இவ்வளவு செலவு பண்ணிப் போற?" ஆஸ்லோவில் வேலை பார்ப்பதால் எனக்கு அது மூன்று மணி நேர விமானம், அவ்வளவுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தப் பூட்டிய கதவுக்குக் கொஞ்சம் தள்ளி, சரளைக்கல்லுக்கு நடுவே, வெளிர்மஞ்சளில் நாலைந்து பாப்பிப் பூக்கள் காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததிலிருந்து அந்த வாக்கியம் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

பனிப்பாலைவனம் என்பதாவது பாதி உண்மை. முளைக்காத இடம் என்பது சுத்தப் பொய். ஸ்வால்பார்டில் இயற்கையாக வளரும் பூக்கும் செடிகளும் புற்களும் பெரணி வகைகளும் சேர்ந்து சுமார் 180 இனங்கள். பாசிகள் தனி, பாறையில் ஒட்டி வளரும் லைக்கன்கள் தனி, அவை ஒவ்வொன்றும் சில நூறு இனங்கள். உலகத்தின் கோதுமையும் நெல்லும் சோளமும் மலைக்குள் மைனஸ் 18 டிகிரியில் தூங்குவதைப் பற்றிப் பேச இத்தனை பேர் இருக்கிறார்கள். அதே மலையின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வாழ்கிற செடியைப் பற்றிப் பேச ஆளைக் காணோம். சரி, நாமாவது பேசுவோம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளியே சூடு, உள்ளே பூ

நார்வேயின் வடமுனைக்கும் வடதுருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில், 74 முதல் 81 டிகிரி வட அட்சரேகை வரை பரந்து கிடக்கிற தீவுக்கூட்டம் இது. பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். மக்கள் வசிக்கும் முக்கியமான ஊர் லாங்யியர்பியன், 78 டிகிரியில். மொத்த நிலத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பனியாறுகளுக்கு அடியில் இருக்கிறது. மிச்சமுள்ள நிலம் முழுக்க, ஆழத்தில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. பள்ளத்தாக்குகளில் நூறு மீட்டர் ஆழம்வரை, மலைகளில் அதைப்போல் சில மடங்கு. கோடையில் மேலே ஒரு மீட்டர் அளவுக்கு இளகும். செடிகளுக்குக் கிடைக்கும் மண் அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், லாங்யியர்பியனில் ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்து 200 மில்லிமீட்டர் சுமார்தான், கணக்குப்படி அது பாலைவனம். ஆனால் இளகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் உறைநிலத்தின் மேலேயே தேங்கி நிற்பதால் கோடையில் பள்ளத்தாக்கில் நடந்தால் கணுக்கால்வரை சேறு. பாலைவனத்தில் ஷூ நனைந்து கால் வெளுத்துப்போகிற அனுபவம் வேறெங்கும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

வரைபடத்தில் பார்த்தால், அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையை உரசிக்கொண்டு போகிறது. இத்தனை வடக்கில் ஊர் என்று ஒன்று இருக்க முடிவதற்கே அதுதான் காரணம். அப்படியானால் மேற்குக் கரைதான் பசுமையாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். இல்லை. திறந்த கடற்கரையில் மூடுபனியும் மேகமும் கோடை முழுக்கக் கவிந்துகொண்டு வெயிலை மறைத்துவிடுகின்றன. செடிகள் செழிப்பது ஃபியோர்டுகளின், அதாவது மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்த கடல்கழிகளின் உட்பகுதியில், கடலிலிருந்து தள்ளி, மலைகள் மேகத்தைத் தடுத்து வெயில் நேராக விழுகிற பள்ளத்தாக்குகளில். இஸ்ஃபியோர்டின் உள்ளே போகப்போகச் செடி வகைகள் கூடிக்கொண்டே போகும். வடகிழக்கில் நோர்டௌஸ்ட்லாண்டெட் தீவுக்குப் போனால் கதை தலைகீழ். துருவக் கடலின் குளிர்ந்த நீர், பெரிய பனிக்கவிப்பு, வெறும் சரளை, அங்கங்கே பாப்பியும், சாக்ஸிஃப்ரேஜ் என்கிற குட்டைப் பூச்செடியும் மட்டும் ஒன்றுக்கொன்று பல அடி தள்ளி. சித்தப்பாவின் வாக்கியம் ஓரளவுக்குப் பொருந்துவது அங்கேதான்.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. உறைவதும் இளகுவதுமாக வருடக்கணக்கில் நடந்து, பெரிய கற்களை ஓரத்துக்கும் நுண்மண்ணை நடுவுக்கும் தள்ளித் தள்ளி, தரையில் வட்ட வட்டமாகக் கல்வளையங்களை உண்டாக்கிவிடுகிறது. நி-ஓலெசுண்டுக்குப் பக்கத்தில் க்வாடெஹுக் சமவெளியில் இருப்பவை உலகப் புகழ்பெற்றவை. (அந்த நி-ஓலெசுண்டில்தான் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிறது. 1920-ல் பாரிசில் ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் ஒரு தரப்பு, அந்தத் தீவுகளில் தங்க விசா வேண்டியதில்லை. ஆனால் நார்வே வழியாகத்தான் போக முடியும், அதற்கு விசா வேண்டும். இந்தச் சிக்கலைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம்.) கல்வளையங்கள் பார்க்க அழகுதான். அந்த வளையத்தின் நடுவில் வேர் விட்ட செடிக்கு அது உயிர்ப் பிரச்சினை, ஒவ்வொரு குளிர்காலமும் மண் அதன் வேரைப் பிடித்து மேலே தூக்கும், அறுக்கும். வளையத்தின் நடு பெரும்பாலும் மொட்டையாக இருப்பதும் பச்சையெல்லாம் ஓரத்தில் ஒட்டியிருப்பதும் அதனால்தான்.

காட்டின் மேல் நின்றது

லாங்யியர்பியனுக்கு வெளியே நடக்க வேண்டுமானால் பனிக்கரடிக்குப் பயந்து துப்பாக்கியோடு ஒருவர் கூட வரவேண்டும். எங்களுக்கு வந்த வழிகாட்டி இருபத்தைந்து வயது இருக்கக்கூடிய நார்வேப் பெண். அட்வெண்ட் பள்ளத்தாக்கின் ஓரச்சரிவில், சேற்றைத் தவிர்க்கிறேன் என்று நான் பாசி மெத்தையின் மேல் ஏறி நின்றபோது திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க இப்போ காட்டு மேல நிக்கிறீங்க, முடிஞ்சா கல்லு மேல வாங்க" என்றாள். கிண்டல் என்று நினைத்தேன். அவள் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு மண்டியிட்டாள், நாங்களும் மண்டியிட்டோம், அப்புறம் அந்த நடைப்பயணம் அங்கேயே அரை மணி நேரம் நின்றுபோனது. கூட வந்த ஒரு தம்பதிக்குப் பனியாற்றைப் பார்க்க வேண்டிய அவசரம், பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாசிக்குள் இலைகள். நின்று பார்க்கும்போது எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தது, முகத்தைக் கிட்டே கொண்டுபோனால்தான் பாசி வேறு இலை வேறு என்று பிரிகிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, வட்டமான, பளபளப்பான இலைகள், ஒவ்வொன்றிலும் நரம்பு தெளிவாக. இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக நீட்டிக்கொண்டிருந்தன, எந்தக் கிளையிலிருந்து வருகின்றன என்றே தெரியவில்லை. அவள் பாசியை விரல் நுனியால் மெல்ல விலக்கிக் காட்டினாள். அடியில் பென்சில் முனைப் பருமனுக்கு ஒரு பழுப்புத் தண்டு, அசல் மரத்தண்டு, பட்டையோடு, தரைக்குள்ளேயே படுத்து ஊர்ந்து, அங்கங்கே பிரிந்து, பாசிக்குள் மறைந்து போகிறது. இதுதான் துருவ வில்லோ. வில்லோ மர இனத்தைச் சேர்ந்த, ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தலை தூக்காத மரம். தண்டும் கிளையும் பாசிக்கும் மண்ணுக்கும் உள்ளே பத்திரமாக இருக்கும், இலையும் பூக்கதிரும் மட்டும் வெளியே. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. நாங்கள் பார்த்தது பெண் மரம், சிவந்த காய்கள் கொத்தாக நின்றன, சில வெடித்து வெள்ளைப் பஞ்சு வெளியே வந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் முதல் வாரம்தான், அதற்குள்ளேயே ஒன்றிரண்டு இலைகள் மஞ்சளாகிவிட்டிருந்தன.

எத்தனை வயது இருக்கும் என்று கேட்டேன். "என்னைவிடப் பெரியதாகவே இருக்கலாம்" என்றாள். ஊருக்கு வந்தபின் தேடிப் படித்தேன். துருவ வில்லோவின் தண்டைக் குறுக்கே சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் மற்ற மரங்களைப் போலவே ஆண்டு வளையங்கள் தெரியும், ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்கு அகலத்துக்கு. பல பத்தாண்டுகள் வாழ்ந்த தண்டுகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. வளையத்தின் அகலம் முக்கியமாகக் கோடை வெப்பத்தைப் பொறுத்தது. மோசமான கோடை வந்தால் சில வருடங்களில் தண்டின் சில பகுதிகளில் வளையமே உருவாகாமல் போய்விடும், செடி அந்த வருடத்தை அப்படியே தாண்டி விடும். இந்த வளையங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தக் கோடை எப்படி இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த அரை மணி நேரத்தில் மாறியது ஒன்றுதான், ஆனால் அது மாறியபின் பழையபடி பார்க்க முடியவில்லை. அதுவரை நான் அந்தப் பள்ளத்தாக்கை வெறுமையான இடமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன், பிடித்திருந்தது, ஆனால் வெறுமை என்பதால்தான் பிடித்திருந்தது. காடு என்றால் நிமிர்ந்து பார்ப்பது என்று பழகிய கண்ணுக்கு, குனிந்து பார்க்க வேண்டிய காடு பதிவாகவே இல்லை. தரையிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் வேறு ஒரு தட்பவெப்பம் நடக்கிறது. காற்று குறைவு, கருத்த மண்ணும் பாசியும் வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால், உங்கள் மூக்கில் ஐந்து டிகிரி குளிர் அடிக்கும்போது செடியின் இலைக்குப் பதினைந்து டிகிரியாகக்கூட இருக்கலாம். உயரமாக வளர்வது இங்கே முட்டாள்தனம். உயர்ந்தால் காற்றில் பறக்கும் பனித்துகள் சீவிவிடும்.

அப்புறம் கண் பழகிவிட்டது. ஊதா சாக்ஸிஃப்ரேஜ், பனி விலகிய உடனே முதலில் பூப்பது, கிரீன்லாந்தின் வடகோடிக்கு அப்பால் காஃபேக்ளுபன் தீவுவரைக்கும் போய் வளர்கிறது, அதற்கு வடக்கே நிலமே கிடையாது. பாசி கேம்பியன் என்கிற செடி கவிழ்த்து வைத்த இட்லி மாதிரி உருண்டையாக, அதன் தெற்குப் பக்கத்தில் முதலில் பூக்கும், வடக்குப் பக்கம் பிந்திப் பூக்கும், திசைகாட்டிச் செடி என்றே அதற்கு ஒரு பெயர். எட்டிதழ் வெள்ளைப் பூ ட்ரையாஸ், கிண்ணம் போன்ற பூவைச் சூரியனை நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்கும். துருவக் கோடையில் சூரியன் மறைவதில்லை, அதனால் நாள் முழுக்கச் சுற்றவேண்டியதுதான். கிண்ணத்தின் நடுவில் வெளியைவிடச் சில டிகிரி சூடு கூடுதல், ஈக்கள் குளிர்காய்வதற்கே வந்து உட்காரும். ஸ்வால்பார்டில் பம்பிள் தேனீக்கள் கிடையாது, மகரந்தம் சுமப்பது பெரும்பாலும் ஈக்கள்தான். ட்ரையாஸை நம்பியே வாழும் ஒரு அசுவினிப் பூச்சி வேறு உண்டு, உலகத்தில் ஸ்வால்பார்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. நம் ஊரில் அசுவினி என்றாலே மருந்தடிக்க ஓடுவோம்.

இவை எப்படி வந்தன

இதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பெரிய ஆச்சரியம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்வால்பார்ட் ஏறக்குறைய முழுக்கப் பெரும் பனிப்படலத்துக்கு அடியில் இருந்தது. அப்படியானால் இந்தச் செடிகள் எங்கிருந்து வந்தன? பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மலையுச்சிகளில் ஒளிந்து பிழைத்தவை என்று ஒரு கட்சி, எல்லாம் அழிந்து, பனி விலகியபின் கடல் தாண்டிப் புதிதாக வந்தவை என்று இன்னொரு கட்சி. வடக்கு ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் இந்தச் சண்டையை நூறு வருடத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். இங்கர் கிரேவ் ஆல்சோஸ் என்ற நார்வே விஞ்ஞானியும் அவரது குழுவும் ஒன்பது இனங்களின் 4,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை வடதுருவ வட்டாரம் முழுக்கச் சேகரித்து, மரபணுவை ஒப்பிட்டு, 2007-ல் சயின்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். வந்தவைதான். அதுவும் ஒரே ஒருமுறை தப்பிப் பிழைத்து வந்தவை அல்ல, திரும்பத் திரும்ப, பல திசைகளிலிருந்து. அதிகமாக வடமேற்கு ரஷ்யாவிலிருந்து, கொஞ்சம் கிரீன்லாந்திலிருந்து, ஸ்காண்டிநேவியாவிலிருந்து. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடல் குறுக்கே.

எப்படி என்பதற்குக் கடற்கரைக்குப் போனால் பதில் கிடக்கிறது. ஒரு மரம்கூட இல்லாத தீவின் கரையில் முழு மரக்கட்டைகள், வேர்முண்டோடு, வெள்ளிச் சாம்பல் நிறத்தில் குவிந்து கிடக்கும். சைபீரியாவின் லார்ச்சும் பைனும். யெனிசேய் போன்ற பெரிய ஆறுகளில் அடித்துவரப்பட்டு, கடலில் உறைபனிக்குள் மாட்டிக்கொண்டு, அந்தப் பனி துருவத்தைத் தாண்டி மிதந்து சில வருடங்கள் கழித்து இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. வெறும் தண்ணீரில் மிதந்தால் கட்டை நனைந்து மூழ்கிவிடும், பனி தூக்கி வருவதால்தான் வந்து சேர்கிறது. மரம் வரும் வழியில் விதையும் வரும். உறைந்த கடலின் மேல் காற்று விதையைத் தள்ளிக்கொண்டு போகும். வாத்துகளும் பிற பறவைகளும் வயிற்றிலும் காலிலும் கொண்டுவரும். அந்த ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது: வந்து சேர்வது இவற்றுக்குப் பெரிய தடையாக இருந்ததில்லை. வந்தபின் நிலைப்பதுதான் பாடு.

நிலைப்பதன் பாட்டைப் பார்க்கக் கோல்ஸ் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். லாங்யியர்பியனுக்குத் தென்மேற்கே, தாவரவியலாளர்கள் விழுந்து விழுந்து எழுதுகிற இடம். அங்கே குள்ள பிர்ச் இருக்கிறது, தரையோடு படர்ந்த பிர்ச் மரம். பில்பெர்ரி இனத்தில் ஒன்று இருக்கிறது, க்ளவுட்பெர்ரி இருக்கிறது. இவையெல்லாம் கொஞ்சம் சூட்டை விரும்பும் செடிகள். ஏறக்குறைய 8,000 ஆண்டுகளிலிருந்து 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை ஸ்வால்பார்டின் கோடை இப்போதைவிட இதமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது பரவியவற்றின் மிச்சங்கள் இவை. குளிர் திரும்பியபின் விதை முற்றுவதற்குப் பெரும்பாலான கோடைகள் போதவில்லை. வேரும் கிளையும் ஊர்ந்து ஊர்ந்தே, குழந்தை பெறாமல் தங்களைத் தாங்களே நீட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான வருடங்கள் காத்திருக்கின்றன. ஆல்சோசும் சக ஆய்வாளர்களும் பின்னர் ஸ்வால்பார்டின் 113 இனங்களிலிருந்து விதைகளையும், விதைக்குப் பதிலாகச் சில செடிகள் உதிர்க்கும் குமிழ்மொட்டுகளையும் எடுத்து முளைக்கவைத்துப் பார்த்தார்கள். 87 இனங்கள் முளைத்தன. 2013-ல் வெளிவந்த அந்த ஆய்வின் நோக்கம், இந்தச் செடிகளின் விதைகளையும் விதை வங்கியில் சேமிக்க முடியுமா என்று பார்ப்பதுதான். ஆக, பெட்டகத்தின் வாசலில் நிற்கும் செடிக்கே உள்ளே இடம் கேட்கவேண்டிய நிலை.

இதையெல்லாம் முதலில் பொறுமையாகக் குனிந்து பார்த்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1671-ல் ஹாம்பர்க்கிலிருந்து திமிங்கல வேட்டைக் கப்பலில் வந்த ஃப்ரீட்ரிஹ் மார்டென்ஸ், கப்பலில் நாவிதரும் வைத்தியருமாக இருந்தவர், மற்றவர்கள் கொழுப்பு உருக்கிக்கொண்டிருந்தபோது செடிகளை வரைந்து கொண்டுபோனார். அதற்கு முன்பே, 1634-35 குளிர்காலத்தில், ஸ்மேரென்புர்க் வேட்டைத்தளத்தைக் காவல் காக்கத் தங்கிய டச்சுக்காரர்கள் ஏழு பேரும் ஸ்கர்வியில் இறந்துபோனார்கள். ஸ்கர்விக்கு மருந்தான வைட்டமின் சி நிறைந்த செடிகள் கோடையில் அதே தீவுகளில் வளர்கின்றன என்பது இன்று படிக்கும்போது அடிவயிற்றைப் பிசைகிறது. பிறகு ஹன்னா ரெஸ்வோல்-ஹோல்ம்சென். 1907-ல் ஒரு பயணக்குழுவோடு வந்தவர், அடுத்த ஆண்டு தனியாகவே திரும்பி வந்து செடி சேகரித்தார். ஆண்களே வேட்டைக்கும் சுரங்கத்துக்கும் மட்டும் வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு பெண் கூடாரம் போட்டுக்கொண்டு புல்லைப் பற்றிக் குறிப்பெழுதினார். 1927-ல் ஸ்வால்பார்ட் செடிகளுக்கான கையேட்டையும் எழுதினார். சுரங்க முதலாளி லாங்யியர் பெயரில் ஊர் இருக்கிறது, இவர் பெயரை ஊரில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பறவை போடும் உரம்

ஒரு நாள் படகில் ஆல்க்ஹோர்னெட் போனோம். இஸ்ஃபியோர்டின் வாயில் இருக்கும் செங்குத்தான பாறைமலை. தூரத்திலிருந்தே அதன் அடிவாரம் மட்டும் கண்ணைக் கூசுகிற பச்சை, பக்கத்து மலைகள் எல்லாம் பழுப்பு. கிட்டே போனால் வாடை. பல்லாயிரம் கடற்பறவைகள் மேலே பாறை விளிம்புகளில் கத்திக்கொண்டும் எச்சமிட்டுக்கொண்டும் இருக்கின்றன. துருவ மண்ணில் நைட்ரஜன் மிகக் குறைவு, குளிரில் எதுவும் சீக்கிரம் மக்குவதில்லை. கடலில் மீனும் நண்டினச் சிற்றுயிர்களும் தின்று, அதை நிலத்தில் கொண்டுவந்து கொட்டுவது இந்தப் பறவைகள்தான். அதனால் ஸ்கர்விப் புல்லும், சோரல் என்கிற கீரை மாதிரிச் செடியும் கொழுத்து நிற்கின்றன, ரெயின்டீர் மான்கள் பயமில்லாமல் நம்மைப் பார்த்துக்கொண்டே மேய்கின்றன. எங்கும் இல்லாத அடர்த்தி, கால் வைத்தால் பாசி அரையடி அமுங்குகிறது. சோரலின் இலையைத் தின்று பார்க்க ஆசைதான், புளிப்பாக இருக்குமாம். ஆனால் ஸ்வால்பார்டில் செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம், 2002-ல் அமலுக்கு வந்த சுற்றுச்சூழல் சட்டம் ஒரு பூவைக்கூட விடவில்லை. மான் தின்னலாம், நான் தின்னக்கூடாது. நியாயம்தான்.

சூடானால் நல்லதுதானே?

இதை நண்பர்களிடம் சொல்லும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: குளிர்தானே பிரச்சினை, அப்படியானால் பூமி சூடாவது இந்தச் செடிகளுக்கு நல்லதுதானே? கேள்வி முட்டாள்தனமானது இல்லை. ஜூலை மாதச் சராசரியே சுமார் 7 டிகிரியாக உள்ள லாங்யியர்பியனில் 2020 ஜூலை 25 அன்று 21.7 டிகிரி பதிவானது. கோடை நீள்கிறது. ரெயின்டீர் எண்ணிக்கை கூடியிருக்கிறது, இப்போது 22,000 சுமார். 1925-ல் வேட்டையைத் தடைசெய்தபோது அழிவின் விளிம்பில் இருந்த மிருகம் அது. கடலில்கூட, ஆயிரம் வருடமாகக் காணாமல் போயிருந்த நீலச்சிப்பி 2004-ல் இஸ்ஃபியோர்டில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. குள்ள பிர்ச் காத்திருந்தது இதற்காகத்தான் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் சூடு கோடையில் மட்டும் வருவதில்லை. குளிர்காலத்தில்தான் அது மிக வேகமாக ஏறுகிறது. நடுக்குளிரில், இருட்டில், பனிமேல் மழை பெய்கிறது. மழைத்தண்ணீர் பனிக்குள் இறங்கி, உறைந்த தரையைத் தொட்டதும் கட்டிப் பனிக்கட்டியாக இறுகிவிடும். லேசான பனி என்பது செடிக்குப் போர்வை, காற்றும் உண்டு வெப்பமும் உண்டு. பனிக்கட்டி என்பது அடைப்பு. 2012 ஜனவரி கடைசியில் அப்படி ஒரு பெருமழை பெய்தது. மான்களுக்குத் தரையில் இருக்கும் செடியை எட்டமுடியாமல் பட்டினி. காசியோப் என்கிற மணிப்பூச் செடி, எப்போதும் பச்சையாக இருக்கும் புதர், தளிர்கள் செத்துப் பழுப்பேறிவிடும். வேண்டுமென்றே தரையில் பனிக்கட்டி உண்டாக்கிப் பார்த்த சோதனைகளிலும் அதுதான் நடந்தது. வில்லோ இலையுதிர்க்கிற இனம், தண்டு பாசிக்குள் இருக்கிறது, தப்பித்துக்கொள்ளும். ஆக யாருக்கு நல்லது யாருக்குக் கெட்டது என்பதை ஒரே வரியில் சொல்ல முடியாது, சொல்பவர்களை நம்பவும் தேவையில்லை. என் சொந்த அபிப்பிராயம், கோடையின் லாபத்தைக் குளிர்கால மழை தின்றுவிடும் இடங்கள்தான் அதிகமாக இருக்கும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அது நம்மைப் போன்றவர்கள் சம்பந்தப்பட்டது. ரஷ்யச் சுரங்க ஊரான பாரென்ட்ஸ்புர்கில் மாட்டுத்தொழுவம் வைத்திருந்தார்கள், தீவனத்தோடு விதைகளும் வந்தன. தொழுவச் சூட்டிலும் சாணத்திலும் பிடித்துக்கொண்டு காட்டுச் செர்வில் என்கிற களைச்செடி இடுப்புயரத்துக்கு வளர்ந்தது. அதைப் பிடுங்கி ஒழிக்க ஆட்களை வைத்து வேலை நடந்திருக்கிறது. ரஷ்யாவிலிருந்து பனிமேல் வந்த க்ளவுட்பெர்ரிக்குப் பாதுகாப்பு, ரஷ்யாவிலிருந்து தீவனத்தில் வந்த செர்விலுக்குக் கடப்பாரையா என்று கேட்கலாம். கேட்டும் பார்த்தேன், வழிகாட்டிப் பெண்ணிடம். வேகம்தான் வித்தியாசம் என்றாள். பனியும் பறவையும் கொண்டுவருவது எப்போதோ ஒன்று, அதில் பிடித்து வளர்வது அதைவிட அபூர்வம். விமானம் தினமும் வருகிறது. 2008-ல் ஸ்வால்பார்ட் வந்திறங்கிய 259 பயணிகளின் ஷூக்களைச் சுரண்டிப் பார்த்த ஒரு ஆய்வு உண்டு, 2012-ல் வெளியானது. ஆளுக்குச் சராசரியாக ஏறக்குறைய நான்கு விதைகள் கிடைத்தன. சேகரித்தவற்றில் கால்வாசி, ஸ்வால்பார்ட் கோடை போன்ற குளிரிலேயே முளைத்தும் காட்டின.

அதனால் போகிறவர்கள் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் போங்கள், அப்போதுதான் பூ இருக்கும். முட்டி நனையாமல் இருக்க நீர்புகாத பேண்ட் கட்டாயம், மண்டியிடாமல் அங்கே எதையும் பார்க்க முடியாது. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நடைப்பயண ஷூவை வீட்டிலேயே பழைய பிரஷ் போட்டு, அடிப்பள்ளங்களைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்புங்கள், காலுறையையும் பேண்ட் மடிப்பையும் மறக்காமல் உதறுங்கள்.